வந்திட்டாரோ எங்கடை வீரர்?

போன சனிக்கிழமை இங்கே கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் நாடகம் மேடையேறியது. பார்த்தவர்கள் சிலர் இதை வாசிக்கவும் கூடும். பாராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் எழுதப்பட்ட நகைச்சுவை நாடகம் அது. போர் முடிந்து வீரர்கள் ஒரு பிரபுவின் வீட்டுக்கு வருகிறார்கள். அந்த வீட்டில் வாய்காரி ஒருத்தி. வருகிறவர்களில் அவளோடு சரிக்குச் சரி வாயாடுகிற ஒருவன். கண்டால் சண்டை. இரண்டு பேருமே கலியாணம் வேண்டாம் என்பவர்கள். மிச்சக் கதையை ஊகித்திருப்பீர்கள் – சரிதான்.

தமிழாக்கியது நான். அந்தப் பாவத்துக்கு எனக்கு ஒரு சின்ன ஆண் வேஷமும் தந்தார்கள். முதல் காட்சியில், போர் முடிந்த செய்தியோடு வருகிற தூதர்.

வாய்காரியாக நடித்தவள் சாந்தினி. அஜக்ஸில் ஒரு மருந்துக் கடையில் வேலை. வீரனாக ரகு. சென்னைக்காரர், றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறார், கம்ப்யூட்டர் வேலை. ஒத்திகைக்கு வெளியிலும் இவர்களுக்குள் கொழுவல்தான். "நீங்கள் கதைக்கிறது தமிழோ, சினிமாவோ?" என்பாள் இவள். "உங்க தமிழுக்கு சப்டைட்டில் கிடைக்குமா?" என்பார் அவர். இயக்குநர் விமலன் அண்ணைக்குப் பரம சந்தோஷம். நடிக்கப் பழக்கத் தேவையில்லையே.

மாசியில் தொடங்கிய ஒத்திகை சித்திரையில் நின்றுபோனது. இலங்கையில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி எல்லோரும் பதாகைகளோடு வீதியில் நின்றோம். வைகாசியில் யுத்தம் முடிந்தது என்றார்கள். எப்படி முடிந்தது என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

சாந்தினியின் தம்பி, யுத்தம் நடந்த வன்னிக்குள் இருந்தான். பங்குனிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. இது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

ஆவணியில், ரூஜ் பகுதியில் இருக்கும் தன் வீட்டு நிலக்கீழ் அறைக்கு விமலன் அண்ணை எங்களைக் கூப்பிட்டார். நாடகத்தைக் கைவிடுவோம் என்று சொல்வதற்குத்தான். மரக்கறிக் கடையில் ஒருவர் அவரை மறித்து, "இந்த நேரத்திலை உங்களுக்குச் சிரிப்பு நாடகம் கேக்குதோ?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதானே?

சாந்தினிதான் வாய் திறந்தாள். "நான் வீட்டிலை இருந்தா ஃபோனைத்தான் பாத்துக்கொண்டு இருப்பன் அண்ணை. இஞ்சை வந்தா ரெண்டு மணித்தியாலம் பாக்காமல் இருக்கலாம். நிப்பாட்டாதேங்கோ."



"சரி. அப்ப அந்த முதல் காட்சியை வெட்டுவம்," என்றார் விமலன் அண்ணை. போர் முடிந்தது, பெரிய இழப்பொன்றும் இல்லை என்று தூதர் சொல்கிற காட்சி. நான் உடனே தலையாட்டினேன். அந்த வசனத்தை என் வாயால் சொல்ல எனக்கும் விருப்பமில்லை.

"இழப்பில்லை எண்டதை வெட்டுங்கோ," என்றாள் சாந்தினி. "நான் கேக்கிறதை வெட்டாதேங்கோ."

அந்தக் காட்சியில் வாய்காரி தூதரிடம் கேட்பது, தன்னோடு வாயாடுகிறவனைப் பற்றித்தான். அந்தப் பெரிய வீரர் திரும்பி வந்துவிட்டாரோ என்று ஒரு நக்கல். சபையைச் சிரிக்கவைக்கத்தான் அது என்று நினைத்தே நானும் மொழிபெயர்த்திருந்தேன்.

"அது சும்மா பகிடி, பிள்ளை," என்றார் விமலன் அண்ணை.

"பகிடி இல்லை அண்ணை. சண்டை முடிஞ்சுது எண்டு கேட்டவுடனை அவள் முதல் விசாரிக்கிறது அவனைத்தான். உயிரோடை வந்திட்டானோ எண்டு கேக்கிறாள். நேரை கேக்கப் பயம். அதுதான் நக்கலாக் கேக்கிறாள்."

 

ரகுதான் தொண்டையைச் செருமினார். "அப்போ இவ்வளவு நாளா நான் தப்பா வந்துட்டிருக்கேன்." ஆரவாரமாகக் கையை வீசிக்கொண்டு நுழைவது அவர் வழக்கம். "முதல்ல வாசல்ல பேசாம நிக்கிறேன். நீங்க பாருங்க. வந்துட்டான்னு தெரிஞ்சதும் திட்டுங்க."

அன்று முழுவதும் இருவரும் கொழுவவில்லை.

யோசித்துப் பார்த்தால் நாங்களும் அப்படித்தானே? நேரம் பிந்தி வருகிற பிள்ளையிடம், பயந்துபோய் இருந்தோம் என்று சொல்கிறோமா? கதவைத் திறந்ததும் ஏச்சுத்தான் விழுகிறது...

சனிக்கிழமை மண்டபம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. போர் முடிந்துவிட்டது என்று மேடையில் சொன்னேன்.

சாந்தினி என்னிடம் கேட்டாள். "அப்ப... எங்கடை வீரர் வந்திட்டாரோ? இல்லாட்டி வழியிலை பயந்து ஒளிச்சிட்டாரோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒத்திகைகளில் என் பதிலை அவள் முகத்தைப் பாராமலே சொல்லிப் பழகியிருந்தேன். அன்று பார்த்துச் சொன்னேன். "வந்திட்டார். சுகமாய் வந்திட்டார்." அதோடு அடுத்த வசனம் எனக்கு மறந்துபோனது.

நல்லவேளை, ரகு வாசலில் வந்து நின்றார். பேசாமல். சாந்தினி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயால் ஒரு வெட்டு வெட்டினாள் பாருங்கள்... மண்டபம் அதிர்ந்தது. மாதக்கணக்கில் அடக்கிவைத்த சிரிப்பு என்று நினைக்கிறேன். நாடகம் முடியும்வரை ஓயவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாந்தினி எனக்கு ஃபோன் எடுத்தாள். தம்பி வவுனியாவில் ஒரு முகாமில் இருக்கிறானாம். யாருடையதோ ஃபோனில் கூப்பிட்டிருக்கிறான். இவள் வெளிநாட்டு அழைப்புக்கு வாங்குகிற ஃபோன் காட் போட்டுத் திருப்பி எடுத்திருக்கிறாள்.

"என்ன கதைச்சனி?" என்று கேட்டேன்.

"ஏசினன் அக்கா. எங்கையடா துலைஞ்சு போனனி, ஒருத்தரிட்டையும் சொல்லி அனுப்பத் தெரியாதோ, அம்மா யாழ்ப்பாணத்திலை சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறா எண்டு... ஏசிக்கொண்டே இருந்தன். காட் முடிஞ்சுபோச்சுது."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சுகமா இருக்கிறியோ எண்டு கேக்கேல்லை அக்கா. எனக்குச் சந்தோசம் எண்டும் சொல்லேல்லை."

"அவன் என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சவன்."

பிறகென்ன... அவனுக்கு விளங்கியிருக்கிறது.