அம்மாவின் கையில் இருந்த பெயர்

சிதம்பரம் வீட்டில், சீன மொழி படிக்கும் என் மகள் ஒரு சொல்லைப் படித்துக் காட்டினாள். "முடிய வெட்டிக்கிட்டு, உடம்புல பச்ச குத்திக்கிட்டவங்கன்னு அர்த்தம்மா. நாகரிகம் இல்லாத ஜனங்கள அந்தக் காலத்துல அப்படித்தான் சொல்வாங்களாம்."

எனக்கு அம்மாவின் மொட்டைத் தலை நினைவுக்கு வந்தது.

பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லோடு ஏற்றிப் போன அப்பா இருபது நாளாகத் திரும்பவில்லை. அவர் வரவேண்டுமென்று முடி இறக்கிய கையோடு, அம்மா என்னைக் கடலூரில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனாள். அவள் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை.

"புருஷன் பேரு?" என்றார் போலீஸ்காரர்.

பெயரைச் சொன்னால் புருஷனின் ஆயுசு குறையும் என்று நம்பியவள் அம்மா. வளையலை மேலே தள்ளி, முன்கையில் பச்சை குத்தியிருந்த அப்பா பெயரைக் காட்டினாள்.

"எழுத்து மங்கிக் கெடக்கு. வாயால சொல்லும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். எட்டு வயது எனக்கு, பெயர் தெரியும். காக்கிச் சட்டையைப் பார்த்த பயத்தில் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவளே சொன்னாள்.

வெளியே வந்ததும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். "பேரச் சொல்லிட்டன்டி. இனிமே அவுரு வரமாட்டாரு."

வரவில்லை.

"அப்படி யாரையாவது நீ பாத்திருக்கியாம்மா?" என்றாள் மகள்.

அன்றைக்குப் போலவே நான் வாய் திறக்கவில்லை.