தெரிந்தே செய்த தப்பு

மின்னணுச் சிப்பின் முதுகில் அச்சடித்திருந்த எண்ணை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார் திரைக்காரர். எண் போன பிறகும் நாலு தேய்ப்பு கூடுதலாகத் தேய்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஊதி, பெட்டிக்குள் பொருத்தி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினார். பேர் ஊர் தெரியாதபடி செய்துவிட்டால் எவனும் கடைக்குப் போய் "அதே மாதிரி இன்னொண்ணு குடு" என்று கேட்க முடியாது அல்லவா? நாற்பது வருடமாக அவர் கைபட்ட எந்தப் பெட்டிக்குள்ளும் இன்னொருவர் மூக்கை நுழைத்ததில்லை. நுழைத்தவர்கள் தும்மிக்கொண்டே திரும்பியிருக்கிறார்கள்.

நாடக அரங்கத்தில் மேடைத் திரை, விளக்கு, மோட்டார் எல்லாம் அவர் ராஜ்யம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் சொல்வது வேறு. "அஞ்சாங்கிளாசுக்கு மேல எனக்குச் சொல்லித் தர அங்க ஆள் இல்ல."

சட்டைப் பையில் டெஸ்டர், காதோரம் பென்சில். எந்த இயந்திரத்தைத் தொடும் முன்பும் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார். யார் வந்திருக்கிறார் என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். 'தெரியாது' என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. மிஞ்சிப் போனால் "பாக்கணும்" என்பார். "என் கையில தப்பு வராது. வந்தாலும் அது தப்பா இருக்காது," என்பார்.

தையற்கடை வைத்திருக்கும் அவர் மனைவி இதைக் கேட்டால் வாயில் இருக்கும் ஊசியை எடுத்துவிட்டுத்தான் பேசுவார். "ஆமா. நம்ம கல்யாணப் பத்திரிகையில எம் பேருக்குப் பதிலா எந் தங்கச்சி பேரைப் போட்டவராச்சே."

"அது பிரஸ்காரன் தப்பு."

"எழுதிக் குடுத்தது யாரு?"

"பாக்கணும்."

போன வருடம் திரையை ஏற்றி இறக்கும் பெட்டி செத்துப்போனது. விற்ற கம்பெனியோ, அந்த உறுப்பெல்லாம் இப்போது செய்வதில்லை, மொத்தத்தையும் மாற்றுங்கள் என்று கையை விரித்துவிட்டது. அரங்கத்தை நடத்தும் அம்மாள் சும்மா இருக்கிறவர் இல்லை. மூடிப்போன ஓர் அச்சகத்தில் சனிக்கிழமை தோறும் கூடும் பொதுப் பட்டறையைத் தேடிப் போனார். அங்கே ஒரு நர்ஸ், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், வாத்தியார்கள் சிலர் என்று பத்துப் பதினைந்து பேர் ஈயத்தை உருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உலகத்தில் யார் யாரோ வரைந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டிருக்கும் மின்சுற்றுப் படங்களைப் பார்த்து மின்பலகை செய்வார்கள். அப்படி ஒரு பலகை அரங்கத்துக்கும் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: எடுத்ததில் நீங்கள் ஏதாவது மாற்றினால், அந்த மாற்றத்தையும் எல்லாருக்கும் தெரியப் போட வேண்டும்.

திரைக்காரர் மாற்றினார். மாற்றாமல் எப்படி இருப்பார்? வந்த பலகை திரையைச் செங்கல் விழுவதுபோல் போட்டது. மூன்று வாரம் கூடவே உட்கார்ந்து, கடைசி ஓர் அடியில் தூங்கும் குழந்தையைப் படுக்கையில் விடுவதுபோல் இறங்க வைத்தார். பார்த்த நடிகர்கள் திரைக்கே கைதட்டினார்கள்.

"ஐயா, படத்த வரைஞ்சு குடுங்க. போட்டுடலாம்," என்றார் அம்மாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டா அப்புறம் என்னை எவம்மா கூப்பிடுவான்?"

"உங்க பேரு போடுவாங்க ஐயா."

"பேரா?" பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "எவ்வளவு பெருசா?"

மூன்று நாள் அடிக்கோல் வைத்து வரைந்தார். அச்சுப்போல் இருந்தது படம். கொடுக்கப் போகிற நேரத்தில் மனசு கேட்கவில்லை. திரை மேலே போனதைச் சொல்லும் சுவிட்ச் ஒன்று, கீழே வந்ததைச் சொல்லும் சுவிட்ச் ஒன்று. அந்த இரண்டின் கம்பிகளையும் படத்தில் மட்டும் இடம் மாற்றிப் போட்டார். எவனாவது செய்து பார்த்து முழிக்கட்டும், முழித்தால் நம்மிடம்தானே வந்தாக வேண்டும் என்று கணக்கு. இது மனைவிக்கு மட்டும் தெரியும். பெருமையாகச் சொல்ல யாராவது ஒருவர் வேண்டுமே.

இணையத்தில் பெயர் வந்தது. வடிவமைத்தவர் என்று போட்டு, பக்கத்தில் அவர் பெயர். கண்டக்டரை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை நின்றுகொண்டு வாசிக்கச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து அடி விழுந்தது. கடல் தாண்டிய ஊர் ஒன்றில் ஒரு தமிழ்ப் பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மலாட்டம் நடத்துகிறார். திரைக்காரரின் படத்தைப் பார்த்துப் பெட்டி செய்திருக்கிறார். ராஜா பொம்மை செத்து விழுந்தது, திரை இறங்கியது. தரையைத் தொட்டதும் மேல் எது கீழ் எது என்று பெட்டிக்குக் குழம்பி, திரை மறுபடி கிளம்பிவிட்டது. செத்த ராஜாவை டாக்டர் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருப்பதைச் சபையே பார்த்தது. அவசரமாக ராஜாவை மறுபடி சாகடித்தார். திரை இறங்கியது, ஏறியது. ராஜா நாலு தடவை செத்தார். அழ வந்த ஜனங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார்கள்.

டாக்டர் கோபப்படவில்லை. ஒரு வாரம் தேடி, கம்பிகளைக் கண்டுபிடித்து, சரியான படத்தைப் போட்டுவிட்டார். இப்போது திரைக்காரரின் பெயருக்குக் கீழே இன்னொரு வரி: 'பிழை திருத்தியவர்: ஒரு பல் மருத்துவர்.'

அன்று திரைக்காரர் சோற்றில் கை வைக்கவில்லை. "பல்லைப் புடுங்குறவனுக்கு எங் கம்பியில என்ன வேலை?"

"மாத்திப் போட்டது நீங்கதான? சொல்லிட வேண்டியதுதான," என்றார் மனைவி.

"சொன்னா, பாரு கஞ்சப்பயலைம்பாங்க."

"சொல்லாட்டி?"

"வேலை தெரியாதவம்பாங்க."

"ரெண்டுல எது உங்களுக்கு லேசா இருக்கு?"

அதுதான் தெரியவில்லை. கையில் தப்பே வராதவர் என்ற பெயர் ஒன்றுதான் அவர் சம்பாதித்தது. பட்டம், பதவி எதுவும் கிடையாது. நாலு நாள் வீட்டுக்குள் நடந்தார். தையல் இயந்திரத்தின் தலையில் போகிறபோது இரண்டு தட்டு, வருகிறபோது இரண்டு தட்டு. "துணி கோணுது, அந்தப் பக்கம் போங்க," என்று மனைவி விரட்டினார்.

சனிக்கிழமை பட்டறைக்குப் போனால், நர்ஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். திரையில் பல் டாக்டரின் முகம். "அண்ணே, உங்ககிட்ட பேசணும்னு காலையில இருந்து காத்திருக்காரு." பதினைந்து பேரும் ஈயத்தை ஆற விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயா, வணக்கம். உங்க பெட்டி பிரமாதம்," என்றார் டாக்டர். "அந்த ரெண்டு கம்பி விஷயத்துல மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. வரையும்போது கை தவறுறது சகஜம். எனக்கே ஒரு தடவை சொத்தைக்குப் பதிலா நல்ல பல்லு கையில வந்துடுச்சு."

தப்பிக்க வழி தானாகத் திறந்தது. "ஆமா டாக்டர், கை தவறிடுச்சு" என்று நாலு வார்த்தை சொன்னால் முடிந்தது. திரைக்காரர் வாயைத் திறந்தார்.

"என் கை தவறாது டாக்டர்," என்றார். "தெரிஞ்சேதான் மாத்திப் போட்டேன்."

சரியாகக் காதில் விழட்டும் என்று யாரோ போய் மின்விசிறியை நிறுத்தினார்.

"அண்ணே," என்றாள் நர்ஸ், "இதைச் சொல்றதுக்கு நீங்க சும்மாவே இருந்திருக்கலாம்."

"பொய் சொல்லச் சொல்றியா தங்கச்சி? எவனும் அப்படியே காப்பியடிச்சுடக் கூடாதுன்னு போட்டேன். கஞ்சத்தனம்தான், இல்லைங்கல. ஆனா தெரியாம பண்ணலை. அதை எழுதிக்குங்க."

கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் பொத்தவில்லை, கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியச் சிரித்தார். "எங்க ராஜாவை நாலு தடவை கொன்னது நீங்கதானா? சரி ஐயா, எழுதிடுறேன். 'வேணும்னே செஞ்சது'ன்னு எழுதிடுறேன்."

திரைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். வந்த வேலை முடிந்தது. பெயரை மீட்டாகிவிட்டது.

"அப்ப இன்னொரு சந்தேகம் ஐயா," என்றார் டாக்டர். "மோட்டாரை ஓட்டுற டிரான்சிஸ்டர் எனக்கு மாசம் ரெண்டு புகைஞ்சு போகுது. மோட்டார் நிக்கும்போது கரண்ட் திரும்பி அடிக்கும்ல, அதைத் தடுக்க ஒரு டயோடு இருக்கணும். உங்க படத்துல இல்ல. அதையும் வேணும்னேதான் விட்டீங்களா?"

அரங்கத்துப் பெட்டியிலும் அந்த டிரான்சிஸ்டர் மாசம் இரண்டு போகிறது; இன்றும் அதை மாற்றத்தான் பெட்டி தோள்பையில் இருக்கிறது. கரண்ட் சரியில்லை என்று அம்மாளிடம் சொல்லிச் சொல்லி மாற்றிக்கொண்டிருக்கிறார். பட்டறையே அவர் வாயைப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லிவிடலாம். நர்ஸ்கூட அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"பாக்கணும்," என்றார்.

திரைக்காரர் தோள்பையிலிருந்து அரங்கத்துப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். தட்டவில்லை. கறுப்பு டேப்பின் நுனியை நகத்தால் நெம்பி, சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். மூடியைக் கழற்றினார். நர்ஸின் கையிலிருந்த போனை வாங்கி ஈயச் சுருளின் மேல் சாய்த்து நிறுத்தி, பெட்டியின் திறந்த வாயை அதன் பக்கம் திருப்பி வைத்தார். விளக்கை மறைத்துக்கொண்டிருந்தது அவர் தலை. டாக்டருக்கு உள்ளே தெரியட்டும் என்று அதைச் சற்றே நகர்த்திக்கொண்டார்.