குங்கிலியம் போட்ட கிளட்ச்

என்ஜின் தொண்டை கிழியக் கத்தியது. கார் நத்தையாய் ஊர்ந்தது.

"நிப்பாட்டு மச்சான், கிளட்ச் பிளேட் தீயுது!" என்றான் பக்கத்தில் இருந்த லொறி டிரைவர் வின்சன்ட், ரபாயேலின் மனைவியின் தம்பி. ரபாயேல் காரை நிறுத்தினான்.

றத்தோட்டைக்கு மேலே, தேயிலை ஃபெக்டரியில் ரபாயேல் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். பழைய மொரிஸ் காரின் அடிச்சட்டத்தில் தகரம் வளைத்து, இரட்டைக் காபுரேட்டர் பூட்டி, மூன்று வருடமாகக் கட்டிய பந்தயக் கார் இது. அடுத்த ஞாயிறு நுவரெலியாவில் மலையேற்றப் போட்டி. விண்ணப்பத்தில் கிளப் உறுப்பினர் ஒருவரின் கையெழுத்து வேண்டும்; தோட்டத்தில் மேலாளரான துரை மட்டுமே உறுப்பினர். இன்று மாலை பங்களா ஏற்றத்தை இரண்டு தடவை ஏறிக் காட்டினால் கையெழுத்து. இல்லாவிட்டால் ஃபெக்டரிக் கொட்டிலில் காருக்கு இடமில்லை என்று துரை சொல்லியிருந்தார்.

கிளட்ச் பெடலின் தளர்ச்சி சரியாக ஓர் அங்குலம். சுருள்வில்களிலும் குறையில்லை. கிளட்ச் மூடியைத் திறந்து விரலை விட்டான். எண்ணெய்.

"கியர்பொக்ஸ எறக்கு. பிளேட்ட பெட்ரோல்ல கழுவி, எண்ண ஒழுகுற சீல மாத்து" என்றான் வின்சன்ட்.

"சீலுக்கு எங்க போறது? யாகூப் நானாட சாமான் கடையிலயே சீல் இல்ல. கப்பல்ல சாமான் வாறது நின்னுபோச்சாம்." ரபாயேல் யோசித்தான். "ஃபெக்டரியில கொழுந்து உருட்டுற ரோலர் பெல்ட் வழுக்கினா நம்ம என்ன போடுறோம்?"

"குங்கிலியம். அது பெல்ட்டு மச்சான், இது கிளட்ச்சு."

"ரெண்டும் ஒராயுற சாமான்தானே."

"போடு போடு. கோயில்ல சாம்பிராணி போடுற மாதிரி போடு. மாதாவே வந்து தள்ளுவா."

இரண்டு பிடி குங்கிலியத் தூளை ரபாயேல் கிளட்சுக்குள் தூவினான்.

மாலையில் கார் ஏறியது. ஒரே மூச்சில், வளைவுகளில் இளைக்காமல் ஏறியது. பின்னால் பூசை முடிந்த கோயிலின் வாசனை வந்தது. பங்களா வாசலில் துரை எழுந்து நின்றே பார்த்தார்.

"நல்லா ஏறுது. பொறு, டீயக் குடிச்சிட்டு வாறேன். எறங்கி இன்னொரு தடவ ஏறு."

"சரிங்க தொர."

என்ஜினை அணைத்துக் காத்திருந்தான். கால் மணி நேரம். மலையிலிருந்து பனி இறங்கியது. கிளட்சுக்குள் உருகியிருந்த குங்கிலியம் இறுகி, பிளேட்டைப் பிடித்துக்கொண்டது.

துரை வந்து தலையசைத்தார். திருப்புவதற்காக ரபாயேல் ரிவர்ஸ் போட்டு, பெடலை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அழுத்தினான். கிளட்ச் விடவில்லை; கார் பின்னால் பாய்ந்தது. பாத்திக் கல்லைத் தாண்டி, தேயிலைச் செடிகளை முறித்துக்கொண்டு தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது. அச்சு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

"கிளட்ச் மிதிக்கத் தெரியாத நீயா கார் கட்டின?" என்றார் துரை.

ரபாயேலின் கால் அப்போதும் பெடலின் மேல்தான் இருந்தது. துரை கையெழுத்திடாத விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு ரபாயேல் வேலைக்குப் போனான். நான்கு பேர் காரைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். என்ஜினைத் தண்ணீர்ப் பம்புக்குப் பூட்டும்படி துரை சொல்லியனுப்பினார். அவனே கழற்றினான். பத்து மணிக்கு ரோலர் பெல்ட் வழுக்கியது. குங்கிலியம் போட்டான். சரியாக ஓடியது.