கயிறு வந்துகொண்டே இருந்தது

இதைச் சொன்னபோது என் அக்கா சிரித்தாள். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் நடந்தது நடந்ததுதான். நான் ஒன்றைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நான் மருத்துவமனையில் காது பரிசோதிக்கிறவள். வெளிச்சத்தம் நுழையாத சின்ன அறையில், வருகிறவர் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, மெல்லிய ஒலிகளை அனுப்புவேன். கேட்டதா, இல்லையா என்று குறித்துக்கொள்வேன். பதினோரு வருடமாக இதே வேலை. ஒரு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில் எனக்குத் தவறு வராது.

வயது முப்பத்தெட்டு. தனியாக இருக்கிறேன். கணவர் போய் நான்கு வருடம் ஆகிறது. உயிரோடுதான் இருக்கிறார், வேறு வீட்டில். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து கதவைப் பூட்டினால், அடுத்து நான் வாய் திறப்பது திங்கட்கிழமை காலையில்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எங்கேயாவது தொலைத்தாக வேண்டும். அதற்காகத்தான் பாறை ஏறும் வகுப்பில் சேர்ந்தேன்.

ஊரிலிருந்து ஒரு மணி நேரம் வேனில் போக வேண்டும். சுற்றிலும் தட்டையான வெட்டவெளி. நடுவில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல ஒற்றைப் பாறை. உயரம் அறுபது அடி. சொல்லிக்கொடுக்கிறவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம்.

முதல் பாடம் ஏறுவது அல்ல, பிடிப்பது. ஏறுகிறவர் இடுப்பில் கட்டிய கயிறு, பாறை உச்சியிலுள்ள இரும்பு வளையத்துக்குள் நுழைந்து, திரும்பக் கீழே இறங்கி, பிடிக்கிறவர் இடுப்பில் மாட்டிய கருவி வழியாகப் போகும். அவர் ஏற ஏற, கீழே இருப்பவர் தொய்வை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு இழுப்புக்கு இரண்டு அடி. முப்பது இழுப்பில் ஆள் உச்சியில் இருப்பார்.

"வலது கை கயித்தை விட்டுச்சுன்னா மேல இருக்கறவர் அவ்வளவுதான்" என்பார் மாஸ்டர். "மூக்கு அரிச்சாலும் அரிக்கட்டும்."

எல்லாவற்றுக்கும் ஜோடி வேண்டும். வகுப்பில் நாங்கள் ஐந்து பேர். வங்கியில் வேலை செய்யும் கணவனும் மனைவியும் ஒரு ஜோடி. நாள் முழுக்க ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருக்கும் மாமனும் மச்சானும் இன்னொரு ஜோடி. மீதி நான். ஒவ்வொரு முறையும் "யாராவது எனக்குப் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். சின்ன விஷயம்தான். ஆனாலும் இந்த வயதில் அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பது... சரி, போகட்டும்.

ஐந்தாவது வகுப்பில், மாலை 5:05-க்கு மச்சானின் கால் வழுக்கியது. கயிறு தாங்கிவிட்டது. ஆனால் பாறையில் மோதியதில் தோள்பட்டை இறங்கிவிட்டது. அவரை வேனின் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். மாமன் கூடவே ஏறிக்கொண்டார். வங்கிக்காரர்கள் தங்கள் பைக்கை எடுத்தார்கள். ஹெல்மெட்டுகளும் பைகளும் அங்கங்கே கிடந்தன. கயிறு உச்சி வளையத்திலேயே தொங்கியது. யாராவது காவல் இருக்க வேண்டும்.

"நீங்க இருக்கீங்களா?" என்றாள் வங்கிக்காரரின் மனைவி. "உங்களுக்குத்தான் வீட்டுல யாரும் காத்திருக்க மாட்டாங்களே."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் தைத்தது.

"வழியில இருக்கற ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு ஒன்றரை மணி நேரத்துல வந்துடறேன். ஏறாதீங்க" என்றார் மாஸ்டர். 5:20-க்கு வேன் கிளம்பியது. அதன் சத்தம் முழுதாகத் தேய்ந்து அடங்க நான்கு நிமிடம் ஆனது. அவ்வளவு வெறிச்சோடிய இடம்.

5:48.

பாறையின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். ஹெல்மெட், இடுப்புப் பட்டை எல்லாம் மாட்டியிருந்தாள்.

"எனக்கு ஜோடி இல்லை" என்றாள். "ஒரே ஒரு தடவை... பிடிக்கிறீங்களா?"

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமான கேள்வி. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மாஸ்டர் ஏறக்கூடாது என்றுதான் சொன்னார். பிடிக்கக்கூடாது என்று சொல்லவில்லை.

"தனியாவா வந்தீங்க?"

"எப்பவும் தனியாத்தான்."

அவள் கயிற்றைத் தன் பட்டையில் முடிந்தாள். ஏறுமுன் ஒருவர் பட்டையை இன்னொருவர் இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்துப் பார்த்தேன். ஈரம். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. தரையெல்லாம் சரளைக்கல். நான் காலை நகர்த்தினால் நறநறத்தது. அவள் வந்தபோது எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"ஏறலாமா?" என்றாள்.

"ஏறலாம்" என்றேன்.

என் குரல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. அவள் குரல் திரும்பவில்லை. என் பரிசோதனை அறைக்குள் பேசுகிற குரல் மாதிரி... சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டது.

6:01-க்கு அவள் ஏறத் தொடங்கினாள்.

பழகிய ஏற்றம். எங்கும் தடுமாறவில்லை. ஏறும்போது பாறையைப் பார்க்கவே இல்லை. உச்சிக்கும் மேலே, வானத்தைப் பார்த்துக்கொண்டு ஏறினாள். நான் எண்ணிக்கொண்டே இழுத்தேன். பாறை நடுவில் வயிறு போல முன்னால் தள்ளியிருக்கும். அதைத் தாண்டினால் ஏறுகிறவர் கீழிருந்து தெரிய மாட்டார். பதினாறாவது இழுப்பில் அவள் மறைந்தாள்.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

உச்சி. "இறக்குங்க" என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன்.

கயிறு தொய்ந்தது.

இழுத்தேன். முப்பத்தொன்று. மறுபடி தொய்ந்தது. முப்பத்திரண்டு.

எண்ணிக்கை தவறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். நாற்பது. நாற்பத்தைந்து. வளையத்தைத் தாண்டி அவள் மேலே போயிருந்தால் கயிறு என்னிடமிருந்துதான் போக வேண்டும். இது என்னிடம் வந்துகொண்டே இருந்தது.

"மேல வந்துட்டீங்களா?"

என் குரல் மட்டும் திரும்பி வந்தது.

6:20. வெளிச்சம் வடிந்துவிட்டது. டார்ச்சும் போனும் பைக்குள். பை பத்தடி தள்ளி. வலது கையை எடுக்க முடியாது. மணிக்கட்டில் கடிகார முட்கள் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தன.

அறுபது. அறுபத்தொன்று.

காலடியில் கயிறு குவிந்து முழங்காலைத் தொட்டது. மொத்தக் கயிறே நூற்றைம்பது அடி.

விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடத்தான் நினைத்தேன். ஆனால் மறுமுனையில் இருப்பது மனுஷியாக இருந்தால்? யாரோ ஒருத்தி என்னை நம்பி மேலே போயிருக்கிறாள். என்னை நம்பி யாரும் எதுவும் செய்து வெகுநாள் ஆகியிருந்தது.

எண்பது.

தொண்ணூறு.

தொண்ணூற்றேழு... கயிறு நின்றது.

பிறகு எடை விழுந்தது. முழு ஆள் எடை. என் குதிகால் தரையை விட்டு எழும்பியது.

மிக மிக உயரத்திலிருந்து ஒரு குரல்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன்.

"இறக்குங்க."

6:31. இறக்க ஆரம்பித்தேன். கையுறைக்குள் உள்ளங்கை கொதித்தது. குவியல் கரைந்தது. இறக்கினேன்... இறக்கினேன்... பாறையின் வயிற்றுக்குக் கீழே கால்கள் நிழலாகவாவது தெரிய வேண்டும்.

தெரியவில்லை.

எடை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

6:43.

எடை போய்விட்டது.

சரளையில் சத்தமில்லை.

என் முகத்துக்கு நேராகக் கயிற்று முனை ஆடியது. முடிச்சு அவிழவில்லை. போட்ட முடிச்சு போட்டபடியே, இறுகி... உள்ளே யாரும் இல்லை.

அப்போது கேட்டது. இடமும் இல்லை, வலமும் இல்லை. ஹெட்ஃபோனில் கேட்பது போல, தலைக்கு நடுவில்.

"விட்டுடுவீங்கன்னு நினைச்சேன்."

வேன் வெளிச்சம் 6:52-க்கு வந்தது. நான் அதே இடத்தில் நின்றிருந்தேனாம். என் வலது கையை மாஸ்டர்தான் விரல் விரலாகக் கயிற்றிலிருந்து பிரித்தார். ஒரு பெண் வந்தாள், ஏறினாள், முடிச்சுக்குள் ஆள் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் கயிற்றை உருவிச் சுருட்டி, என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

நான்கு நாள் கழித்து மருத்துவமனைக்கு வந்தார். என் அறைக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னார்.

"மூணு வருஷம் முன்னாடி கிளாஸுக்கு ஒரு பொண்ணு வந்துது" என்றார். "தனியா. ஒரு சாயங்காலம் எங்களுக்குத் தெரியாம அங்க திரும்பிப் போயிருக்கு. மூணாம் நாள்தான் பாறையடியில செத்துக் கிடக்கறதைப் பார்த்தோம். அதுவரைக்கும் யாரும் தேடவே இல்லை."

"யார் கயிறு பிடிச்சது?"

"இடுப்புல கயிறு கட்டியிருந்துது. அப்போ யாரோ பிடிச்சிருக்காங்க. விட்டுட்டுப் போயிருக்காங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"அறுபது அடி..." என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுதான் எனக்கு விளங்கலை. உடம்பைப் பார்த்த டாக்டர் ரெண்டு தடவை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், பாறை எவ்வளவு உயரம்னு. ரெண்டு தடவையும் அறுபதுன்னு சொன்னேன். அவர் நம்பலை."

"ஏன்?"

"கிட்டத்தட்ட இருநூறு அடியிலேர்ந்து விழுந்த உடம்புன்னார்."

தொண்ணூற்றேழு இழுப்பு, நூற்றுத் தொண்ணூற்று நான்கு அடி என்பதை அதுவரை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.