டிகிரி அள்ளிக் கொடுத்த அளவுகள்

பிசியோதெரபி அறையில் அவருக்குப் பட்டப்பெயர் டிகிரி. படித்து வாங்கிய டிகிரி இல்லை. எந்நேரமும் கையில் ஒரு கோணமானியோடு திரிவதால் வந்த பெயர். அதன் ஒரு சட்டத்தை நோயாளியின் விலாவோடும் இன்னொன்றைத் தூக்கிய கையோடும் ஒட்டிவைத்தால், தோள் எத்தனை டிகிரி உயர்கிறது என்று தெரிந்துவிடும். பத்தொன்பது வருடமாக அதுதான் அவர் பிழைப்பு.

தோளில் அறுந்த தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைக்க இரண்டு வழிகள் உண்டு. எலும்பில் ஒரு வரிசை சின்ன முளைகளை இறக்கி, அவற்றின் நூலால் நாரை இழுத்துக் கட்டுவது ஒன்று. இரண்டு வரிசை இறக்கி, நாரை எலும்பின் மேல் நன்றாகப் படிய அழுத்திக் கட்டுவது இன்னொன்று. எது மேல் என்று பார்க்க, அங்கே தோள் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா நூற்றிருபது பேரில் பாதிப் பேருக்கு அப்படியும் மீதிப் பேருக்கு இப்படியும் செய்தார். வெளியே தழும்பு ஒரே மாதிரிதான் இருக்கும். யாருக்கு எது என்று டிகிரியிடம் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று பயம்.

அந்தக் கை எப்போதோ சாய்ந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கிவிட்டு, பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி "எவ்ளோ சார்?" என்று கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்ல அவருக்கு மனசு வராது. ஒரு லாரி ஓட்டுநர் சிகிச்சை முடிந்த ஆறாம் மாதம் வந்தார். கோணமானி நூற்றிருபத்தெட்டு காட்டியது. மனிதருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"நூத்தம்பது! அசத்திட்டீங்க போங்க" என்றார் டிகிரி. சொன்னதையே படிவத்திலும் எழுதினார். நன்றாகத் தூக்குகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்களுக்கு எதற்கு? தன்னை ரொம்ப நல்லவன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

இரண்டு வருடம் கழித்து டாக்டரம்மா துறையில் எல்லாரையும் கூட்டி முடிவைச் சொன்னார். "ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லை. இனிமே எல்லாருக்கும் ஒரு வரிசையே போதும்." கை தட்டினார்கள். டிகிரியும் தட்டினார்.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். துணி ஆலையில் இஸ்திரி போட்டே தோள் நார் அறுந்தவள். அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு அறுவை சிகிச்சை, அதே டாக்டரம்மாவிடம்.

"ஒரு வரிசை போதுமாம்டா. கேட்டதும் தைரியமா இருந்துச்சு. நீதானே எல்லாரையும் அளந்தே? நீ அளந்தா சரியாத்தான் இருக்கும்."

டிகிரி போனை வைத்தார். கை உயராமல் தவித்தவர்களுக்கெல்லாம் அவர் இருபது, இருபத்தைந்து என்று அள்ளிக் கொடுத்திருந்தார். அவர்களெல்லாம் ஒரே வகைத் தையல் போட்டவர்களாக இருந்தால்? வித்தியாசம் இல்லாமல் போனது தையலால் அல்ல, தன்னால். நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவின் அறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "எத்தனை பேருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"எண்ணலை மேடம்."

"உங்க அக்கா லிஸ்ட்ல இல்லைன்னா வந்து சொல்லியிருப்பீங்களா?"

டிகிரி தரையைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்ல ஆசைதான். அது இன்னொரு பொய்யாகிவிடும். நூற்றிருபது தோள்களுக்கு வராத உறுத்தல் ஒரு தோளுக்கு வந்திருந்தது.

அக்காவின் சிகிச்சையைத் தள்ளிவைத்தார்கள். நூற்றிருபது பேரையும் திரும்ப வரவழைத்து, வேறு பிரிவிலிருந்து வந்த ஒரு பெண்ணை அளக்க வைத்தார்கள். பெயர் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது டிகிரியின் வேலை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் காகிதங்களையே அடுக்கிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் லாரி ஓட்டுநர் வந்தார். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து டிகிரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்தப் பொண்ணுக்கு அளக்கத் தெரியலை. தொண்ணூத்தஞ்சுங்குது. நீங்க நூத்தம்பதுன்னு சொன்ன மறுநாளே நான் லோடு ஏத்தப் போயிட்டேன். கொஞ்ச நாளா வலிக்குது, அவ்ளோதான். நீங்க அளங்க சார். நீங்க சொன்னா நம்புவேன்."

அந்தப் பெண் கதவருகில் வந்து கோணமானியை நீட்டினாள். டிகிரி வாங்கி, விலாவோடு ஒன்று, கையோடு ஒன்று ஒட்டிவைத்தார். ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்.

"எவ்ளோ சார்?"

"தொண்ணூத்தஞ்சு" என்றார் டிகிரி. "அன்னிக்கும் நூத்தம்பது இல்லைங்க. நான்தான் பொய் சொன்னேன்."

ஓட்டுநர் தூக்கிய கையை இறக்க மற்றக் கையைத் துணைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.