அம்மா நேர்ந்துகொண்ட கம்ப்யூட்டர்

ஆட்டை நேர்ந்துவிடுவார்கள், கோழியை நேர்ந்துவிடுவார்கள். எங்கள் அம்மா ஒரு கம்ப்யூட்டரை நேர்ந்துகொண்டாள். அதுவும் அவளுடையது இல்லை, அண்ணனுடையது.

அப்போது நாங்கள் ஸ்ரீவைகுண்டத்தில், ஆற்றுக்குப் போகிற தெருவில் குடியிருந்தோம். அப்பா வாழைத்தார் கமிஷன் கடை வைத்திருந்தார். பம்பாயில் இருந்த பெரியப்பா, தன் ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை, கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு உதவும் என்று மரப்பெட்டியில் வைக்கோல் அடைத்துக் கொண்டுவந்து இறக்கினார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அதற்கு ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். அண்ணன் சனிக்கிழமை துடைப்பான். அதில் இருவருக்கும் சண்டை வந்ததில்லை.

அண்ணன் பாளையங்கோட்டையில் இரண்டாம் வருஷம் கணக்குப் படித்துக்கொண்டிருந்தான். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவனாகவே புரோகிராம் எழுதப் பழகினான். தேதியைக் கொடுத்தால் அன்றைக்கு என்ன திதி, என்ன நட்சத்திரம் என்று சொல்கிற மாதிரி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தான். அதை முடித்துக் காட்டினால் மெட்ராசில் வேலை கிடைக்கும் என்று ஒரு வாத்தியார் சொல்லியிருந்தாராம். அப்பாவின் கடையில் தார் எண்ணப் போகாமல் இருக்க அவனுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

எனக்கு எட்டு வயது நடந்த ஆடி மாதத்தில் மூளைக்காய்ச்சல் வந்தது. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தேன் என்று பிறகு சொன்னார்கள். ஏழாம் நாள் டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அதைப் பார்த்த அம்மா, மஞ்சள் துணியில் காசு முடிந்து திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள்.

வேண்டுதல் என்றால் கொடுப்பவருக்கு வலிக்க வேண்டும் என்பது அம்மாவின் கொள்கை. வலிக்காமல் கொடுத்தால் அது தானம்தானே தவிர வேண்டுதல் ஆகாது என்பாள். அவளிடம் வலிக்கிற பொருள் ஒன்றும் மிச்சமில்லை. நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போய், கழுத்தில் மஞ்சள் கயிறுதான் கிடந்தது. வீட்டில் யாரிடமிருந்து எதை எடுத்தால் அதிகம் வலிக்கும் என்று யோசித்திருக்கிறாள்.

நான் பிழைத்தேன். அது முருகன் போட்ட உயிர்தான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நேர்ந்ததை அண்ணனிடம் சொல்ல அம்மாவுக்கு நாக்கு எழவில்லை. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஐப்பசி மழையில் நனைந்து எனக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தது. அம்மா பயந்துபோனாள். அன்று சாயங்காலமே, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அது எனக்குள்ளதுல்லாம்மா. என்ட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?"

"ஒன்ட்ட கேக்க எங்கனலே நேரம் இருந்திச்சு? மூச்சு நிக்கப் போவுதுன்னு டாக்டரு சொல்லுதாரு" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அவன் அம்மாவிடம் பேசவில்லை. மூன்று நாள் கல்லூரிக்குப் போகாமல், திரையில் இருந்த புரோகிராமைப் பச்சை எழுத்துப் பச்சை எழுத்தாகப் பார்த்து நாற்பது பக்க நோட்டுகளில் எழுதினான். நான்காம் நாள் கம்ப்யூட்டர் மரப்பெட்டிக்குள் திரும்பப் போனது. திருச்செந்தூருக்கு வேன் பிடித்தார்கள். காய்ச்சல் விட்டிருந்ததால் நானும் போனேன்.

கோயில் ஆபீசில் காணிக்கை எழுதுகிற கணக்குப்பிள்ளை பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வேல் கொண்டாருதாங்க, மணி கொண்டாருதாங்க, பசுவும் கண்ணுமா ஓட்டிட்டு வாராங்க. எல்லாத்துக்கும் இந்த நோட்டுல பக்கம் இருக்கு. இத நான் எந்தப் பக்கத்துல வே எழுதட்டும்?"

கணக்குப்பிள்ளை நல்ல மனிதர். விற்றுப் பணமாக உண்டியலில் போட்டால் சாமி ஏற்றுக்கொள்வார் என்று வழி சொன்னார். ஊரைத் தாண்டி திருநெல்வேலி டவுன் வரை போய், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அதை விற்று இறக்கினோம். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் திருச்செந்தூர். பொருளுக்கு உடையவன் கையால்தான் போட வேண்டும் என்று அம்மா அப்பாவிடம் சொல்ல, அப்பா அண்ணனிடம் சொன்னார். அவன் போட்டான். போட்ட கையோடு, தரிசனத்துக்கு வராமல் கடற்கரையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

தை மாதம் அண்ணன் ஒரு சின்ன கம்ப்யூட்டர் வாங்கிவந்தான். பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த காசில் அதுதான் அகப்பட்டது. கம்ப்யூட்டர் என்று பெயரே தவிர, மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் பலகை, அதில் எழுத்துப் பொத்தான்கள், பின்னால் ஒரு வயர். வயரை டிவியில் சொருக வேண்டும். மேலே ஒரு கேசட்டைப் போட்டால் விளையாட்டு வரும், இன்னொன்றைப் போட்டால் புரோகிராம் எழுதலாம். எனக்கு விளையாட்டு வந்ததே போதும்.

"அதவிட இதுதாண்ணே நல்லாருக்கு. கலரெல்லாம் வருது" என்றேன். அவன் என் தலையில் கையை வைத்தான்.

பெரியதில் எழுதினதெல்லாம் இதில் கொள்ளவில்லை. நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு, எந்த வரியை எடுத்தால் மீதி நிற்கும் என்று பார்த்துப் பார்த்து வெட்டினான். முதலில் நட்சத்திரம் போயிற்று, பிறகு பழைய வருஷங்கள் போயின. அதற்கு எதையும் சேர்த்து வைக்கவும் தெரியாது. கரண்டு போனால் எல்லாம் போய்விடும். மறுநாள் கல்லூரியிலிருந்து வந்து முதல் வரியிலிருந்து அடிப்பான். ஒருநாள்கூட அவன் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அம்மாவிடம்தான் பேசவில்லை. "சோறு வைக்கச் சொல்லு" என்று என்னிடம் சொல்வான். "வச்சாச்சுன்னு சொல்லு" என்று அம்மாவும் என்னிடமே சொல்வாள். இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். அம்மா அதற்குள் பாதியாய் இளைத்திருந்தாள்.

ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு அத்தை, "ஒனக்காகத்தாம்ட்டி ஒங்க அண்ணன் மிஷினு போச்சு. பெத்த தாய்ட்ட பேச்சும் போச்சு" என்றாள். எனக்குத் துக்கமாக இருந்தது. என்னால் போனதை நான்தானே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தேன்.

பங்குனிக் கார்த்திகை அன்று அம்மா விளக்கேற்றிவிட்டு அடுக்களைக்குப் போனாள். அண்ணன் டிவி முன்னால் அடித்துக்கொண்டிருந்தான். நான் முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். சத்தமாகச் சொன்னால்தான் சாமிக்குக் கேட்கும் என்று எண்ணி, கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே வேண்டினேன்.

"முருகா, அண்ணன் கம்ப்யூட்டர அவன்ட்டயே குடுத்துரு. அந்தக் காய்ச்சல வேணும்னா நான் திரும்ப வாங்கிக்கிடுதேன்."

முதுகில் அடி விழுந்தது. அம்மா என்னை அதுவரை அடித்ததில்லை. ஒரு கையால் என் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அடித்துக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் எழுந்து ஓடிவந்தான். கால் தட்டி வயர் பிடுங்கிக்கொண்டது. அன்று சாயங்காலம் முழுக்க அடித்தது போய், டிவியில் புள்ளி புள்ளியாய் இரைந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா, விடு. அம்மா, அவள விடும்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்தான்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் தட்டிலிருந்த திருநீற்றை அள்ளி, என் நெற்றி நிறையப் பூசினான். பிறகு, கோயிலில் உண்டியலில் போட்டதோடு சாமியைப் பார்க்காமல் திரும்பிப் போனவன், படத்தைப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னான்.

"சின்னப் பிள்ள, தெரியாமச் சொல்லிட்டா. அவ சொன்னத எடுத்துக்கிடாத. நான் குடுத்தது குடுத்ததுதான்."

பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "பசிக்கும்மா, சோறு வையி" என்றான். அம்மா எழுந்து போய் வைத்தாள். எனக்கும் சேர்த்து அவளே பிசைந்து ஊட்டினாள். நல்லதைத்தானே கேட்டேன், எதற்கு அடித்தாள், அடித்துவிட்டு எதற்கு ஊட்டுகிறாள் என்று விக்கி விக்கி அழுதுகொண்டே தின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வாசலில் வேன் சத்தம் கேட்டால் ஓடிப்போய் மரப்பெட்டி வருகிறதா என்று பார்ப்பேன். வரவேயில்லை. நான் வேண்டினது முருகனுக்குக் கேட்கவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.