பல் டாக்டர் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி

மச்சானை நினைத்தால், கன்னத்தில் ஐஸ்கட்டியை அழுத்திக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. மீனுக்குப் போடுகிற ஐஸ், அந்த நாற்றத்தோடு. கோலா கெடாவில் மீன் ஏற்றித் தாய்லாந்து எல்லை தாண்டி லோரி ஓட்டியவர் அவர். என் தங்கையின் புருஷன். நாங்கள் இருவரும் தோட்டத்தில் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது அவர் லோரிக்குப் போனார், நான் மெர்கோங்கில் காவல் வேலைக்கு வந்தேன். அது வேறு கதை. கடைவாய்ப் பல் வீங்கிச் சோறு இறங்காமல் வந்தவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, நான் பல்செட் கட்டிய கிளினிக்குக்கே கூட்டிப்போனேன்.

டாக்டர் நம் தமிழ்ப் பெண், என் மகளைவிடச் சின்னவர். பல்லைப் பார்த்துவிட்டு, ஊசி போடும் முன் சாதாரணமாகக் கேட்டார்.

“அங்கிள், ஈறுல ஒரு குச்சியத் தடவி எச்.ஐ.வி. இருக்கான்னு பாக்கலாம். வலிக்காது. வேணாம்னா விட்டுடலாம். பாக்கட்டுமா?”

மச்சான் நாற்காலியை விட்டு இறங்கி வெளியே வந்துவிட்டார்.

“நீதான சொன்ன?”

“என்னத்த?”

“நான் எல்லைக்கு அந்தப் பக்கம் தங்குன கதையெல்லாம்.”

“ஒன் கதையச் சொல்லத்தான் நான் பல்லு கட்டுனனா, மச்சான்?”

அவரைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர், வரிசையில் நிற்கிற ஒருவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டால், அவனை யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்தவன், கள்ளுக் குடித்து விழுந்தவன் எல்லாரும் அப்படித்தான் மாட்டினார்கள். காரணமில்லாமல் கேள்வி வராது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம்.

டாக்டர் கோபப்படவில்லை. பல்லை எப்படியும் பிடுங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, அடுத்து ஒரு மலாய்க் கிழவியை உள்ளே கூப்பிட்டார். கதவு பாதி திறந்திருந்தது. அதே கேள்வியை மலாயில் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. “போலே லா, டாக்டர்” என்று கிழவி சம்மதித்து, இந்த வயதில் தன்னை எவன் திரும்பிப் பார்க்கப் போகிறான் என்று சிரித்தாள்.

மச்சான் கன்னத்திலிருந்து ஐஸை எடுத்தார். “கெழவிகிட்டயுமா கேக்குது இந்தப் பொண்ணு?”

“என்கிட்டயும் கேட்டாங்க.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“கூச்சமா இருந்துச்சு லா.”

திரும்ப உள்ளே போய் வாயைத் திறந்தார். குச்சியில் நோய்க்கான கோடு விழுந்தது. டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு, இது முடிவு இல்லை, ரத்தம் எடுத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். பல்லைப் பிடுங்கிவிட்டு, அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே போன் போட்டார். அங்கே உறுதியானது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவந்தால் கிருமி அடங்கிவிடும், அடங்கியபின் மனைவிக்கு ஒட்டாது, அதுவரை அவளுக்கு நோய் வராமல் தடுக்கத் தனி மாத்திரைகூட இருக்கிறது என்றார்கள். ஆனால் மனைவியிடம் சொன்னால்தானே அதெல்லாம்? அவளையும் பரிசோதிக்க வேண்டும்.

மச்சானால் சொல்ல முடியவில்லை. கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். தட்டில் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியும், தன் தட்டைத் தானே கழுவினார். ஆயுசில் தட்டைக் கழுவாத மனுஷன். தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நீயே சொல்லிடு மச்சான், ஒன் தங்கச்சிதான” என்றார் என்னிடம்.

“தாலி கட்டுனது நானா, நீயா?” என்றேன்.

பிறகு ஒரு காலையில் தங்கை வந்தாள். முகம் வீங்கியிருந்தது. “அண்ணே, என்னைய அந்தப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ” என்றாள். அவள் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. மச்சான் சொல்லிவிட்டார் என்று எனக்கு விளங்கியது. ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பார்க்கும் அறைக்கு முன்னால் உட்கார்ந்தால் தோட்டத்து ஆள் எவராவது பார்ப்பார். பல் டாக்டரிடம் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? வாசலில் காரோடு காத்திருந்த மச்சான்தான் ஓட்டினார். உள்ளே வரவில்லை.

நாற்காலியில் ஏறியதும் தங்கை பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“எனக்குப் பல்லு இல்லம்மா. எல்லார்கிட்டயும் என்னமோ கேப்பியாமே, அத என்கிட்டயும் கேளு.”

டாக்டர் கேட்டார், மலாய்க் கிழவியிடம் கேட்ட அதே குரலில்.

அவளுக்கு நோய் இல்லை என்று குச்சி காட்டியது. கொஞ்ச காலம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும், தடுப்பு மாத்திரையையும் தொடங்கிவிடலாம் என்றார் டாக்டர். வெளியே மச்சான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். தங்கை முன்சீட்டில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல. நீ மாத்திரைய நேரத்துக்குப் போடல, சோறு கெடையாது. வண்டிய எடு.”